குடிப்பவரை மனநல டாக்டரிடம் கூட்டிப்போகும் முன் வீட்டில் எழுத வேண்டிய தாள்

காதில் குரல் கேட்கிறது என்கிறார், மனைவியைச் சந்தேகப்படுகிறார், வேலைக்குப் போகாமல் சுருண்டு கிடக்கிறார். ஆள் தினமும் குடிப்பவர். இது குடி கொண்டுவந்த கோளாறா, குடியோடு சேர்ந்து தனியாக இருக்கும் மனநோயா என்பதை ஸ்கேன் எடுத்துப் பிரிக்க முடியாது. எது எப்போது தொடங்கியது என்ற கணக்கை வைத்துத்தான் பிரிப்பார்கள். தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஓ.பி. கூட்டத்தில் அந்தக் கணக்கை முழுதாகக் கேட்டு வாங்க நேரம் இருக்காது. எழுதிக் கொண்டுபோங்கள்.

ஒரு வெள்ளைத் தாளைக் குறுக்குவாட்டில் வைத்து மூன்று கோடு போடுங்கள். இடது ஓரம் முதன்முதலில் குடித்த வயது, வலது ஓரம் இன்று. மேல்கோடு குடிக்கு, நடுக்கோடு மனசுக்கு, கீழ்க்கோடு குடிக்காமல் இருந்த காலத்துக்கு. வருஷம் பிடிபடவில்லையென்றால் கஜா புயலுக்கு (நவம்பர் 2018) முன்பா பின்பா, தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பா என்று கேட்டால் வந்துவிடும்.

மேல்கோட்டில் "கொஞ்சமாத்தான் குடிப்பாரு" என்று எழுதினால் பயனில்லை. டாஸ்மாக் குவாட்டர் 180 மி.லி.; 42.8 சதவீத பிராந்தி என்றால் அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கட்டிங் அதில் பாதி. எத்தனை குவாட்டர், வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். கை நடுக்கம் நிற்கக் காலையிலேயே குடிக்க ஆரம்பித்த மாதத்தை வட்டமிடுங்கள். உடம்பு குடிக்கு அடிமைப்பட்டதற்கு அது வலுவான அடையாளம். கஞ்சா, ஹான்ஸ், தூக்க மாத்திரை இருந்தால் அதுவும் இங்கேதான்.

நடுக்கோட்டில் நோயின் பெயர் வேண்டாம், கண்டது போதும். "காத்து கருப்பு", "பைத்தியம் மாதிரி" என்பதைவிட "பக்கத்து வீட்டில் திட்டுவதுபோல் கேட்கிறது என்கிறார், குடிக்காத நாளிலும்" என்ற ஒரு வரி டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

கீழ்க்கோட்டைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். நன்றாக யோசித்தால் ஏதாவது கிடைக்கும். ஐயப்பனுக்கு மாலை போட்ட கார்த்திகை, மது தடையுள்ள குவைத்தில் வேலை பார்த்த காலம், 2020 ஊரடங்கில் டாஸ்மாக் பூட்டிக்கிடந்த மார்ச் கடைசி முதல் மே தொடக்கம் வரை (திருட்டுச் சரக்கு கிடைத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்). அப்போது குரல் நின்றதா? சந்தேகம் குறைந்ததா?

டாக்டர்கள் பார்க்கும் எல்லை சுமார் ஒரு மாதம். குடியை விட்டு அதற்குள் அடங்கிய சோர்வும் பயமும் பெரும்பாலும் குடியால் வந்தவை. ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால், அல்லது குடி தொடங்கும் முன்பே இருந்தால், தனி நோய் என்ற பக்கம் சாயும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம். தூக்கக் கோளாறை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அது குடியை விட்ட பிறகும் பல மாதம் இழுக்கும். திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்கித் தெளிந்தவர்கள் உண்டு. பெருமாள் அருளோடு அந்த 48 நாள் குடிக்காமல் இருந்ததையும் கீழ்க்கோட்டில் குறித்துவிடுங்கள்.

இந்தக் கணக்குக்காக வீட்டில் அடைத்து வைத்துக் குடியை நிறுத்திப் பார்க்காதீர்கள். தினமும் நிறையக் குடித்தவருக்கு நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு, இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை நாள் தெரியாமல், இடம் தெரியாமல் புலம்பல் வரலாம். மாலை போட்ட மூன்றாம் நாள் "சாமி வந்துடுச்சு" என்று நினைப்பது இதுவாகவும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். தள்ளாட்டமும் குழப்பமும் இருந்தால் குளுக்கோஸ் ஏற்றும் முன் "தினமும் குடிக்கிறவர்" என்று சொல்லுங்கள், தயமின் (வைட்டமின் பி1) ஊசி தேவைப்படும். விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், சில வாரம் ஆகியிருந்தாலும், அதையும் சொல்ல வேண்டும். மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் ரத்தமும் குழப்பத்தை உண்டாக்கும்.

குழம்பில் கலந்து கொடுக்கும் "குடி மறக்கும் மருந்து" வாங்காதீர்கள். அதில் டைசல்பிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்து, தெரியாமல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழுந்து போகும்.

சாகப்போகிறேன் என்று பேசினால் ஒரு மாதக் கணக்கெல்லாம் பிறகு. பூச்சிமருந்தை அன்றே வீட்டை விட்டு அகற்றுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வழி கேட்க டெலி மானஸ் (அரசின் மனநல உதவி போன்) 14416.

"குடிகாரர், இங்கே பார்க்க மாட்டோம்" என்று யாராவது சொன்னால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைகளையும் மனநோய்க்குள்தான் சேர்த்திருக்கிறது என்று எடுத்துச் சொல்லலாம்.

தாளோடு பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை எழுதும் நோயின் பெயர் பெரும்பாலும் தற்காலிகம்தான். நாலு வாரம் கழித்துப் போகும்போது அதே தாளில் மூன்று கோட்டையும் நீட்டி எழுதிக் கொடுங்கள்.