விக்கப்போற வீட்ட போட்டோ எடுக்க ரெடி பண்றது எப்படி
வாங்க வர்றவங்க முதல்ல பாக்கிறது போட்டோவத்தான், அதனால முதல் வேலை சாமான ஒதுக்குறது. சமையல் மேடையில இருக்கிற மிக்ஸி, டப்பா, ஸ்க்ரப்பர், பாத்ரூம்ல பக்கெட், ஷாம்பு பாட்டில் எல்லாத்தையும் தூக்கி கேமராவுக்கு பின்னாடி வெச்சிடுங்க, அந்த ரூம் முடிஞ்சதும் நகத்திக்கலாம். பேரு, அட்ரஸ் தெரியுற லெட்டர், மருந்து கவர், குடும்ப போட்டோ எதுவும் கண்ணுல படக்கூடாது, இதுல அசால்ட்டா இருக்காதீங்க.

ஜன்னல் கண்ணாடிய தொடச்சு, திரைய முழுசா ஒதுக்கி, பகல் வெளிச்சத்துலயே எடுங்க, மஞ்ச பல்பும் வெள்ள பல்பும் சேந்து எரிஞ்சா செவுரு கலரே மாறித் தெரியும். டாய்லெட் மூடிய மூடுங்க. ரூம் மூலையில நின்னு நெஞ்சு உயரத்துல ஃபோன நேரா பிடிங்க, சாச்சு பிடிச்சா போட்டோல செவுரு சரிஞ்ச மாதிரி தெரியும். ஈரக்கறை, விரிசல் இருந்தா பீரோ வெச்சு மறைக்காதீங்க, சரி பண்ணிட்டு எடுங்க, முடியலன்னா விளம்பரத்துலயே சொல்லிடுங்க.