இரண்டு நாட்டு வரி: முதலில் சம்பளச் சீட்டின் குறியீட்டைச் சரிசெய்யுங்கள்

இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு வேலைக்கு வந்து, முதல் ஆண்டில் இரண்டு நாட்டிலும் வரிக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் இருப்பவள் நான். மாதக் கடைசியில் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, என்னோடு சேர்ந்தவளுக்கு வரியே பிடிக்கவில்லை. எனக்கு மட்டும் ஏன் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது?" ஒரே வேலை, ஒரே சம்பளம். சம்பளச் சீட்டில் சிறிய எழுத்தில் அச்சாகும் வரிக் குறியீடுதான் வேறு. அது தவறாக இருந்தால் பின்னால் இந்தியாவில் நீங்கள் கோரும் வரிக் கழிவும் (பிரிட்டனில் கட்டிய வரியை இந்திய வரியிலிருந்து கழித்துக்கொள்வது) தவறாகிவிடும். ஆகவே முதலில் குறியீடு, பிறகுதான் இந்தியக் கணக்கு.

2025-26 வரியாண்டில் பெரும்பாலானோருக்கு இருக்க வேண்டிய குறியீடு 1257எல். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை என்பது அதன் பொருள். அதற்குப் பின்னால் எம்1 அல்லது டபிள்யூ1 ஒட்டியிருந்தால் அது அவசரக் குறியீடு: ஒவ்வொரு சம்பளத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள், கடந்த மாதங்களின் விலக்கைச் சேர்க்க மாட்டார்கள். 0டி (0T) என்றால் விலக்கே கிடையாது. பிஆர் என்றால் முழுச் சம்பளத்துக்கும் 20 சதவீதம். இரண்டாவது வேலைக்கு அது சரி, ஒரே வேலை செய்பவருக்குச் சரியல்ல. முன்னால் எஸ் இருந்தால் ஸ்காட்லாந்து, சி இருந்தால் வேல்ஸ். முகவரி மாறியவர்கள் இதையும் பாருங்கள்.

இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பாருங்கள். செப்டம்பர் 30 அன்று விமானம் ஏறி, அக்டோபரில் வேலையில் சேரும் ஒரு செவிலியருக்கு மாதம் 2,600 பவுண்டு சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் 1257எல் இருந்தால் ஏப்ரல் 6 முதல் சேர்ந்துவந்த விலக்கு முழுவதும் அவருக்குக் கிடைக்கும். ஜனவரிச் சம்பளம் வரை ஒரு பென்ஸ்கூட வரி வராது. மார்ச் முடிவில் மொத்தம் ஏறத்தாழ 606 பவுண்டு. எம்1 ஒட்டியிருந்தால் அதே ஆறு மாதத்துக்கு 1,863 பவுண்டு. 0டி ஆக இருந்தால் 3,120.

புதிதாக வந்தவர்களுக்குப் பழைய முதலாளி தரும் பி45 என்ற சம்பள-வரிச் சான்று இருக்காது. அதற்குப் பதிலாகச் சேரும்போது நிரப்பும் பணித்தொடக்கப் படிவம்தான் குறியீட்டைத் தீர்மானிக்கிறது. ஏப்ரல் 6க்குப் பிறகு இதுவே முதல் வேலை என்பவர் 'ஏ' கூற்றில் வர வேண்டும். 'பி' (இந்த ஆண்டில் முன்பு வேறு வேலை இருந்தது) என்றால் எம்1 ஒட்டிவிடும். 'சி' (இப்போது இன்னொரு வேலையும் இருக்கிறது) என்றால் பிஆர். படிவத்தைத் தரவே இல்லையென்றால் 0டி. கடவுச்சீட்டு, விசா, வங்கிக் கணக்கு என்று ஓடும் முதல் வாரத்தில் இந்த ஒரு தாளை அவசரமாக நிரப்பிவிடாதீர்கள். நிதானமாகப் படித்துக் கையெழுத்திடுங்கள்.

தவறான குறியீடு வந்துவிட்டால் சம்பளப் பிரிவிடம் சண்டை போட்டுப் பயனில்லை. வரித்துறையான எச்எம்ஆர்சி சொல்லாமல் நாங்கள் நினைத்தபடி அதை மாற்ற முடியாது. தேசியக் காப்பீட்டு எண் கிடைத்ததும் எச்எம்ஆர்சி இணையதளத்தில் உங்கள் வரிக் கணக்கைத் திறந்து, வேலை தொடங்கிய தேதியும் எதிர்பார்க்கும் ஆண்டுச் சம்பளமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவர்கள் புதிய குறியீட்டை எங்களுக்கு அனுப்பியதும், கூடுதலாகப் பிடித்தது அடுத்த சம்பளத்திலேயே திரும்பி வரும். இதை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஆண்டு முடிந்தபின் தனியாகத்தான் திரும்பக் கோர வேண்டும். அதற்கு நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

இனி இந்தியப் பக்கம். அதே செவிலியர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை இந்தியாவில் இருந்தது 183 நாள். 182ஐத் தொட்டாலே அந்த நிதியாண்டுக்கு அவர் இந்தியாவில் வசிப்பவர். வெளிநாட்டுச் சம்பளமும் இந்தியக் கணக்கில் வர வேண்டும். வேலைக்காக வெளியேறும் இந்தியக் குடிமகள் செப்டம்பர் 28 அன்றே புறப்பட்டு, மார்ச் வரை திரும்பி வராமல் இருந்தால் 181 நாள்தான். இரண்டு நாள் முன்பின்னாக டிக்கெட் எடுப்பதில் ஒரு ஆண்டின் வரியே மாறுகிறது. பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் இதை எண்ணிப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

வசிப்பவர் ஆகிவிட்டால், பிரிட்டனில் கட்டிய வரிக்கு இந்தியாவில் கழிவு பெறப் படிவம் 67ஐ வருமான வரி இணையதளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு 2027 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. வரிக் கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். (2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும், பிரிவு எண்கள் மாறிவிட்டன.) பிரிட்டனில் கட்டிய வரி, அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரி, இரண்டில் எது குறைவோ அதுதான் கழிவு. வரி பிடிக்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விலையில், அதாவது வங்கி வெளிநாட்டுப் பணத்தை வாங்கும் விலையில், பவுண்டை ரூபாயாக மாற்ற வேண்டும். ஆகவே ஆண்டு இறுதியில் வரும் பி60 என்ற மொத்தச் சம்பள-வரிச் சான்று மட்டும் போதாது. மாதச் சீட்டுகள் அத்தனையும் வேண்டும்.

குறியீடு தவறினால் இங்கேதான் சிக்கல். சீட்டில் 3,120 பவுண்டு என்று பார்த்து அவ்வளவுக்கும் படிவம் 67இல் கழிவு கேட்டுவிட்டு, பிறகு எச்எம்ஆர்சியிடமிருந்து 2,514ஐத் திரும்பப் பெற்றால், இந்தியாவில் கேட்டது பொய்க் கணக்காகிவிடும். அவருடைய உண்மையான பிரிட்டன் வரி 606தான். அதைக் கழித்தபின் இந்தியாவில் மீதி வரி கட்ட வேண்டியும் வரலாம். முன்கூட்டியே பணம் எடுத்து வையுங்கள். தேசியக் காப்பீட்டுப் பிடித்தத்தை இந்தக் கழிவில் சேர்க்காதீர்கள். இந்திய-பிரிட்டன் வரி ஒப்பந்தத்தில் அது வராது. பிரிட்டன் ஆண்டு ஏப்ரல் 5 அன்றும் இந்திய ஆண்டு மார்ச் 31 அன்றும் முடிவதால், வாரச் சம்பளக்காரர்கள் ஏப்ரல் முதல் ஐந்து நாளில் விழும் சீட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஊரில் வைப்புத்தொகை வட்டி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 ஏப்ரல் 6 முதல், முந்தைய பத்து ஆண்டுகள் பிரிட்டனில் வசிக்காதவர்கள் முதல் நான்கு ஆண்டு வெளிநாட்டு வருமானத்துக்கு வரிவிலக்குக் கோரலாம். நல்ல சலுகை என்று உடனே கோரிவிடாதீர்கள். கோரிய ஆண்டில் 12,570 பவுண்டு விலக்கை இழப்பீர்கள். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அதன் விலை 2,514 பவுண்டு. சில நூறு பவுண்டு வட்டிக்காக இதைச் செய்வது வீண். அந்த வரம்பில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வட்டி வரை பொதுவாகவே வரி கிடையாது.

வேலை முடிந்து நாடு திரும்பும்போது பி45ஐக் கேட்டு வாங்கி, நாட்டை விட்டுப் போவதைத் தெரிவிக்கும் பி85 படிவத்தை எச்எம்ஆர்சிக்கு அனுப்புங்கள். ஆண்டின் நடுவில் கிளம்பினால், மீதி மாதங்களுக்கான விலக்கு உங்களுக்குப் பணமாகத் திரும்ப வர வாய்ப்பு உண்டு. அந்தத் தொகை வந்து சேர்ந்த பிறகு, அதைக் கழித்த கணக்கோடு இந்திய வரிக் கழிவுப் படிவத்தை நிரப்புங்கள்.