மூளைக் கட்டிக்கு பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னா என்ன பண்ணணும்?

எம்ஆர்ஐ தான் எடுத்தாச்சே, இது எதுக்குன்னு நிறைய பேர் கேக்குறாங்க. எம்ஆர்ஐ கட்டியோட வடிவத்தை காட்டும், பெட் அது எவ்வளவு ஆக்டிவா இருக்குன்னு காட்டும். முக்கியமா ரேடியேஷன் முடிஞ்சப்புறம் எம்ஆர்ஐல புதுசா ஒரு திட்டு தெரிஞ்சா, அது கட்டி திரும்ப வந்ததா இல்ல ரேடியேஷன்ல செத்துப்போன திசுவான்னு பிரிச்சுப் பாக்க இது நல்லா உதவும்.

பெட் எடுக்க லேசா கதிர்வீச்சு உள்ள ஒரு மருந்தை ஊசியா போடுவாங்க, முதல்ல அது எந்த மருந்துன்னு கேளுங்க. எஃப்டிஜி குளுக்கோஸ் மாதிரி, ஆனா நல்ல மூளையே குளுக்கோஸை அள்ளி இழுக்கும், அதனால மொத்த மூளையும் பளிச்சுனு தெரிஞ்சு சில கட்டிங்க அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். எஃப்இடி, மெத்தியோனின் மாதிரி அமினோ ஆசிட் மருந்துல சுத்தி மங்கலா இருக்கும், கட்டி தனியா தெரியும். க்ளையோமான்னா (மூளையோட துணை செல்கள்ல வர்ற கட்டி), கிடைச்சா இதுதான் பெட்டர்.

பொதுவா 4-6 மணி நேரம் சாப்பிடாம வரச்சொல்வாங்க, வெறும் தண்ணி குடிக்கலாம். மூளை வீக்கத்துக்குக் குடுக்குற டெக்ஸாமெத்தாசோன்ங்கிற ஸ்டீராய்டு எடுத்தா சுகர் ஏறும், எஃப்டிஜி ஸ்கேன் சரியா வராது, முன்னாடியே சொல்லிடுங்க. வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க. கர்ப்பம், தாய்ப்பால்னா கட்டாயம் சொல்லணும்.

எஃப்டிஜி ஊசி போட்டதும் லைட் கம்மியான ரூம்ல பேசாம படுக்க வைப்பாங்க, போன் நோண்டக்கூடாது, கண்ணு வேலை செஞ்சா மூளையோட பின்பக்கம் கூடுதலா குளுக்கோஸ் இழுக்கும். எஃப்டிஜில இருக்குற கதிர்வீச்சுப் பொருள் ஃப்ளோரின்-18, அதோட வீரியம் 110 நிமிஷத்துல பாதியாயிடும், பயம் வேண்டாம். பழைய எம்ஆர்ஐ சிடியை மறக்காம கொண்டு போங்க, ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுத்தான் படிப்பாங்க.