நிதி திரட்ட ஒரு ராக் அண்ட் ரோல் இரவு: ஆஸ்திரேலியச் சிற்றூர் ஹாலில் நடத்துவது எப்படி?

ஊர்த் தீயணைப்புப் படைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, பறக்கும் மருத்துவச் சேவைக்கோ பணம் சேர்க்க ஆஸ்திரேலியச் சிற்றூர்களில் ராக் அண்ட் ரோல் நடனம் அருமையான வழி. 1957 ஜனவரியில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலி அங்கே கச்சேரி செய்ய வந்தபோது பதின்வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல். அவர்களும் வருவார்கள், பேரப்பிள்ளைகளும் வருவார்கள். ஆனால் ஆடத் தெரியாதவரை முதல் அரை மணி நேரத்துக்குள் தளத்தில் இறக்கிவிட வேண்டும். இறங்காதவர் ஒன்பது மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ராஃபிள் எனும் பரிசுக் குலுக்கல் சீட்டும் விற்காது, பாரும் ஓடாது. கீழே உள்ள ஏற்பாடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. தேதியும் அனுமதியும்

கோதுமை ஊர் என்றால் விதைப்பு, அறுவடை மாதங்களைத் தவிருங்கள். செப்டம்பரில் உள்ளூர் ஃபுட்பால் இறுதி ஆட்டங்கள் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் முழுநிலவு நாளாகப் பார்த்து நடனம் வைத்தார்கள், இருட்டில் வீடு திரும்ப வேண்டுமே என்று. இன்றும் இரவுச் சாலையில் கங்காரு குறுக்கே பாயும். அதனால் 11 மணிக்கு முடித்துவிடுவது நல்லது.

யாருக்காகப் பணம் சேர்க்கிறீர்களோ அந்த அமைப்பிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஹால் முன்பதிவு, பொதுப் பொறுப்புக் காப்பீடு, மது விற்பனைக்கான தற்காலிக உரிமம், பொது இடத்தில் பாட்டு இசைக்க ஒன்மியூசிக் அமைப்பு தரும் இசை உரிமம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, எது யார் பொறுப்பு என்று ஹால் கமிட்டியிடம் கேளுங்கள். சிலவற்றை ஹாலே வைத்திருக்கும். மது, ராஃபிள் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மது உரிமத்துக்குப் பல வாரங்கள் முன்பே விண்ணப்பியுங்கள்.

2. கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு: பேண்ட் 1,200 டாலர், ஹால் 250, உரிமங்களும் காப்பீடும் 250, அச்சு 100, தேநீர், காபி, பால் வகையில் 200. மொத்தம் 2,000. டிக்கெட் 25 டாலர் என்றால் 80 பேர் வந்தால் போட்ட பணம் கைக்கு வரும். 80 பேர் வருவார்கள் என்ற நம்பிக்கை இல்லையென்றால் பேண்டை விட்டுவிட்டு டிஜே வையுங்கள். டிக்கெட் விலையை ஏற்றாதீர்கள், குடும்பமாக வருபவர்கள் நின்றுவிடுவார்கள்.

ஆதாயம் ராஃபிளிலும் பாரிலும்தான். கசாப்புக்கடைக்காரர் தரும் இறைச்சித் தட்டு எந்த ஊரிலும் விலைபோகும். சீட்டு ஒன்று 2 டாலர், மூன்று 5 டாலர். சில்லறைக்கு 300 டாலரை 5 டாலர் நோட்டாகவும் நாணயமாகவும் வைத்திருங்கள். கார்டு மெஷினை முந்தைய நாளே ஹாலுக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மொபைல் சிக்னல் காணாமல் போவது சகஜம்.

3. தளமும் மின்சாரமும்

ஆடும் ஒரு ஜோடிக்கு 3 சதுர மீட்டர் வேண்டும். 120 பேரில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் ஆடினால் 30 ஜோடி, அதாவது 10க்கு 9 மீட்டர் இடம். மேசைகளைச் சுவரோரம் தள்ளுங்கள். முதியவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலிகளை ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம் போடுங்கள்.

மரத் தளத்தைப் பெருக்கிவிட்டு உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப்பால் துடையுங்கள், அது போதும். டால்கம் பவுடர் தூவினால் ஒரு மூலையில் வழுக்கும், இன்னொரு மூலையில் கட்டியாகும். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மறுகாலின் முன்பாதத்தில் அரைவட்டம் திரும்பிப் பாருங்கள். முட்டி இழுத்தால் தளம் பிடிக்கிறது, திரும்பிய பிறகும் பாதம் ஓடினால் வழுக்குகிறது. தளத்துக்குள் கோப்பையோடு யாரும் போகக் கூடாது. கொட்டிய பீர் காய்ந்தால் பசைபோல் ஒட்டும். ரப்பர் அடிச் செருப்பும் முட்டியைத் திருகும் என்பதால், தோல் அடி ஷூ நல்லது என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

பழைய ஹால்களில் பெரும்பாலும் கவிழ்வது மின்சாரம். வெந்நீர்க் கொதிகலன் ஒன்று 2,400 வாட், 230 வோல்ட்டில் பத்து ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டு கொதிகலன், இறைச்சி பை (pie) சூடாக்கும் பெட்டி ஒன்று, பேண்டின் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒரே சர்க்யூட்டில் இருந்தால் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் பிரேக்கர் விழும். பாட்டும் நிற்கும். எந்தச் சாக்கெட் எந்தச் சர்க்யூட் என்று பகலிலேயே கண்டுபிடித்து, டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். மேடைக்கு ஒன்று, சமையலறைக்கு வேறொன்று.

4. ஆட்டப் பாடம், 6.30 முதல் 7.30 வரை

இதற்கு டிக்கெட் விலைக்குமேல் ஒரு காசும் வாங்காதீர்கள். கற்பிக்க வேண்டியது ஆறு எண்ணிக்கை அடிப்படை அடி ஒன்றுதான். வழிநடத்துபவர் 1-2இல் இடது காலை இடப்பக்கம் வைத்து எடையை மாற்றுகிறார், 3-4இல் வலது காலை வலப்பக்கம். 5இல் இடது கால் சற்றே பின்னால், 6இல் எடை மீண்டும் வலது காலுக்கு. எதிரில் நிற்பவருக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் மறுகால்.

இசை நாலு நாலாக ஓடும், அடியோ ஆறு ஆறாக விழும். தொடக்கக்காரர் குழம்புவது இங்கேதான். பாட்டின் சுற்றைத் தேடாமல் தாளத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். 5இல் பின்காலை நீளமாக வைப்பவர்களால் ஜோடி பிரிந்து இழுபடும், ஒரு பாத நீளத்துக்குமேல் வேண்டாம். கையைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடித்தால் சுழலும்போது மணிக்கட்டு முறுகும். விரல்களைக் கொக்கிபோல் மாட்டினாலே போதும்.

பாட்டின் வேகத்தை 15 விநாடிக்கு எத்தனை தாளம் என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். பாடத்துக்கு நிமிடத்துக்கு 130 முதல் 140. பேண்டின் முதல் நான்கு பாட்டும் 150ஐத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே பட்டியல் கேட்டு வாங்குங்கள். 180 வேகத்தில் தொடங்கும் பேண்ட் தெரிந்த ஐந்து ஜோடியை மட்டும் ஆட வைத்து மற்றவர்களை நாற்காலியில் ஒட்டிவிடும். அந்தக் கால ஆஸ்திரேலிய ராக் பாடகர் ஜானி ஓ'கீஃபின் பாட்டைப் பெரியவர்கள் கேட்பார்கள், பேண்டின் இரண்டாம் சுற்றில் வையுங்கள். துணையில்லாமல் வந்தவர்களுக்காகச் சுற்றுக்கு ஒரு நட்புஷ் ஆட்டமும் ('நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்' பாட்டுக்கு எல்லோரும் வரிசையாக நின்று ஆடுவது), ஜோடி மாறிமாறி வரும் பார்ன் டான்ஸும் அவசியம்.

5. இரவின் ஓட்டம்

7.30க்கு முதல் சுற்று, சுற்றுக்கு 45 நிமிடம், மொத்தம் மூன்று. 9 மணிக்குச் சாப்பாடு: வருபவர்கள் ஆளுக்கொரு தட்டு கொண்டுவருவது ஊர் வழக்கம். சாண்ட்விச், சாசேஜ் ரோல், லாமிங்டன் கேக் எல்லாவற்றிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று சீட்டெழுதி வைக்கச் சொல்லுங்கள், கடலை ஒவ்வாமைக்காரர்கள் இருப்பார்கள். சிறு பரிசுகளைச் சாப்பாட்டுக்குப் பிறகும், பெரிய பரிசைக் கடைசிச் சுற்றுக்குச் சற்று முன்பும் குலுக்குங்கள். பெரியதை முன்பே குலுக்கினால் கார்கள் கிளம்பிவிடும், ஆட்டம் முடியும்வரை வைத்திருந்தால் களைத்த கூட்டம் முணுமுணுக்கும். முழு ஓட்டுநர் உரிமம் உள்ளவர்களுக்கு ரத்த மது வரம்பு 0.05 என்பதை வாசலில் எழுதி, ஓட்டுநராக வருபவருக்குக் குளிர்பானம் இலவசமாகக் கொடுங்கள்.

பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, அன்றிரவே பூட்டுங்கள். செலவு கழித்த தொகையை ஒரு வாரத்துக்குள் பொதுக்கடை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், இறைச்சித் தட்டு கொடுத்தவரின் கடைப் பெயரோடு.