பல்லைப் பார்க்காமல் மாடு வாங்குவோமா? பழைய கார் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர், பல்லையும் சுழியையும் பார்க்காமல் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசமாட்டார். அதே ஆள் பழைய கார் வாங்கப் போனால் மீட்டரைப் பார்ப்பார், ஏசி போட்டுப் பார்ப்பார், அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்று புரோக்கர் சொல்லிவிட்டால் போதும். விற்பனைக்கு வரும் வண்டிகளில் பாதியை டாக்டர்களே ஓட்டியிருப்பார்கள் போலிருக்கிறது.

தவறு பார்க்கப் போகும் நேரத்திலேயே தொடங்குகிறது. வேலை முடிந்து, குடும்பத்தோடு, இருட்டப் போகிற வேளையில் போகிறோம். அப்போதுதான் கழுவிய ஈர வண்டியில் நெளிவும் தெரியாது, பெயின்ட் வித்தியாசமும் தெரியாது. காலை வெயிலில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்பே சொல்லிவையுங்கள். போனதும் முதல் வேலையாகப் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ எழுப்பிவிட்டார்கள். தேய்ந்த எஞ்சின் தன் குறையைக் காட்டுவது பெரும்பாலும் குளிர்ந்து கிடந்து எழும்போதுதான். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை காலைக் குளிரில் கொஞ்சம் வரும், அது போகட்டும். வண்டி சூடான பிறகும் நிற்கவில்லையென்றால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எஞ்சினுக்குள் கசிகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர் மாதிரி படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

மீட்டரை நம்புவது அடுத்த தவறு. டிஜிட்டல் மீட்டரையும் குறைக்க முடியும். ஆனால் பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் ஸ்டீயரிங்கின் வழவழப்பையும் அப்படிக் குறைக்க முடியாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்த டயர். மீட்டர் 28,000 கி.மீ. காட்டுகிறது, ஆனால் நான்கு டயரும் வண்டியைவிட மூன்று வயது இளையவை என்றால், இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் பழைய டயர்கள் எங்கே போயின என்று கேளுங்கள். கண்ணாடிகளிலும் தயாரிப்பு ஆண்டுக்கான குறி உண்டு. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை இழுத்து, உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பட்டி போட்டு டிங்கரிங் செய்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

சென்னை வண்டி என்றால் 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் நினைவில் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேலே கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, மிதியடிக்குக் கீழே ஈர வாடை, இதெல்லாம் சேர்ந்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். நனைந்த வயரிங் எந்த மாதம் காலை வாரும் என்று மெக்கானிக்கும் சொல்ல முடியாது.

இவ்வளவும் பார்த்தவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் காகிதம். நானும் அங்கேதான் மாட்டினேன். எனக்கு விற்றவர் கடனைக் கட்டி முடித்திருந்தார், அதில் பொய்யில்லை. ஆனால் ஆர்.சி.யில் எச்.பி. பதிவு, அதாவது வண்டி வங்கிக் கடனில் இருக்கிறது என்ற குறிப்பு, அப்படியே இருந்தது. முழுப் பணமும் கொடுத்த பிறகுதான் அதைக் கவனித்தேன். அதை நீக்க வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) அவர் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும். அவரோ மகளைப் பார்க்க வெளிநாடு போய்விட்டார். நான்கு மாதம் அடுத்தவர் பெயரில் இருந்த வண்டியை, யார் மீதாவது இடித்துவிடுவேனோ என்ற பயத்தோடு ஓட்டினேன். எச்.பி. நீங்கும்வரை ஒரு தொகையைக் கையில் பிடித்துவைத்துக்கொண்டிருந்தால் அந்த வேலை ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். அதே மாநிலம் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்று விடுவது விற்றவருக்குத்தான் பெரிய ஆபத்து. வண்டி கைமாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு வரும், ஆனால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வேண்டுமானால் பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். அதற்கும் 14 நாள்தான். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்காகக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) விற்றவருடைய சொத்து, அது உங்களுக்கு வராது. பழைய ஈ-சலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருக்கிறதா என்பதையும் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு முன்பே பார்த்துவிடலாம்.

டெல்லிப் பதிவு டீசல் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். 10 வயதான டீசல் வண்டிகள் மீது அங்கே வந்த கட்டுப்பாடுதான் அந்த மலிவுக்கு ஒரு காரணம். என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, மறுபடி வாகன வரி, இதையெல்லாம் கூட்டிய பிறகு விலையைப் பாருங்கள்.

சரி, வாங்கியாயிற்று. "நல்லாத்தானே ஓடுது" என்று அப்படியே ஓட்டாதீர்கள். முந்தையவர் என்ன ஊற்றினார் என்று தெரியாது, அதனால் எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். வண்டி விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் மே மாத வெயிலில் டோல்கேட் வரிசையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறும். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்கும் பெல்ட்) உள்ள எஞ்சின் என்றால் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, பெல்ட் செலவு எஞ்சின் செலவாகிவிடும்.

டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் இருக்கின்றனவா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். நான் பார்த்தது திண்டிவனம் தாண்டி, இரவு பதினொன்றுக்கு. ஜாக்கி இருந்தது, ஸ்பேனர் இல்லை.