பக்கத்து மனைக்காரர் எல்லையில் கை வைத்தால் என்ன செய்வது? அளவையில் தொடங்கி கோர்ட் வரை

பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்ட சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அது உங்கள் இடத்துக்குள் ஒன்றரை அடி வந்திருப்பதாக உங்களுக்குப் படுகிறது. இந்த நிலையில் பெரும்பாலானோர் முதலில் வாய்ச்சண்டை போடுகிறார்கள், அடுத்து காவல் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்ற பதிலோடு திரும்பி வருவதற்குள் சுவர் எழும்பிவிடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டுமனை வைத்திருப்பவர்கள் இந்தச் சிக்கலை எந்த வரிசையில் கையாள வேண்டும் என்று சொல்கிறேன். வரிசை மாறினால் பணமும் காலமும் வீணாகும்.

1. காகிதங்களை ஒன்று சேருங்கள்

கிரையப் பத்திரம், தாய்ப்பத்திரம் (உங்களுக்கு விற்றவர் வைத்திருந்த முந்தைய பத்திரம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பரிமாற்றங்களின் பட்டியல்), பட்டா, புலப்படம் (எல்லைக்கோடுகளும் அளவுகளும் உள்ள அரசு வரைபடம்) ஆகிய ஐந்தும் வேண்டும். பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்திலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறைத் தளத்திலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எடுங்கள்.

பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொத்து விவரத்தை நிதானமாகப் படியுங்கள். நான்கெல்லை என்ன, கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி என்று தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரம் சதுர அடியிலும் சென்டிலும் பேசும். பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக, 2400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனைக்குப் பட்டாவில் 2.23 ஏர் என்று இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, குறைவது தரையிலா காகிதத்திலா என்று பாதி தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் பதிவுதான். விலைக்கு வாங்கிய இடத்தில் உங்கள் உரிமைக்கு வேர் பதிவு செய்த பத்திரம். "பட்டா என் பேரில் இருக்கிறது, அது போதும்" என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

2. அரசு நில அளவரை (சர்வேயர்) வைத்து அளந்துகொள்ளுங்கள்

டேப்பைப் பிடித்து நீங்களே அளந்து சொன்னால் எதிர்த்தரப்பு ஏற்காது. தனியார் சர்வேயர் அளந்தால் உங்களுக்குத் தெளிவு கிடைக்கும், அவ்வளவுதான். இ-சேவை மையம் வழியாகவோ தமிழ்நிலம் தளத்திலோ எல்லை அளந்து காட்டும்படி விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துங்கள். அளவர் பக்கத்து நிலக்காரர்களுக்கும் தகவல் கொடுத்து, புலப்படத்தை வைத்து அளந்து எல்லையைக் காட்டுவார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் கூட நிற்பது நல்லது. தகராறுகளில் கணிசமானவை அந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

ஒரு தடங்கல் வரலாம். உங்கள் மனைக்குத் தனி உட்பிரிவு எண் கிடைக்காமல், பலருக்கும் சேர்ந்த கூட்டுப்பட்டாவிலேயே கிடந்தால், புலப்படத்தில் உங்கள் எல்லைக்கோடே இருக்காது. அளவர் எதை வைத்துக் காட்டுவார்? அப்படியானால் முதலில் உட்பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். இந்த வேலையைத் தகராறு வந்த பிறகு செய்வதைவிட, மனை வாங்கியதுமே முடித்துவிடுவது எவ்வளவோ மேல்.

3. பேசுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்

ஊர்ப் பெரியவரோ இருவருக்கும் பொதுவான உறவினரோ நடுவில் இருக்கட்டும். சமாதானம் ஆனால் சுவர் எங்கே வரும் என்பதை வரைபடத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் ஒருவர் தன் நிலத்தில் கொஞ்சம் விட்டுத்தருவதாக முடிவானால் வெள்ளைத்தாள் செல்லாது, பதிவு செய்தாக வேண்டும்.

பேச்சு முறிந்தால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

4. கட்டடம் ஏறிக்கொண்டிருந்தால் காத்திருக்காதீர்கள்

அளவையும் அறிவிப்பும் முடியட்டும் என்று இந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. தேதி தெரியும்படி படங்கள் எடுத்துக்கொண்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை (உங்கள் இடத்தில் கை வைக்கக் கூடாது என்று நிரந்தரமாகத் தடுக்கும் உத்தரவு) கேட்டு வழக்கும், அதனுடன் இடைக்காலத் தடை மனுவும் போடுங்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கிடைத்தால், அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். நேரில் பார்த்து அளந்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படியும் கேளுங்கள். எல்லை வழக்கில் அந்த அறிக்கையும் வரைபடமும் மிகவும் கனமானவை.

எதைக் கேட்டு வழக்குப் போடுகிறோம் என்பதில் கவனம் தேவை. இடம் உங்கள் அனுபவத்தில், அதாவது கைவசத்தில் இருந்து, உரிமையிலும் சிக்கல் இல்லையென்றால் தடை மட்டும் கேட்டால் போதும். உங்கள் உரிமையையே மறுக்கிறார், அதில் உண்மையான சிக்கலும் இருக்கிறது என்றால் விளம்புகையும் (இடம் உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். சுவர் எழும்பி இடம் கைவிட்டுப் போயிருந்தால் அதை அகற்றவும், இடத்தை மீட்கவும் கேட்க வேண்டும். 2008-இல் அனாதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தது. தவறான பரிகாரம் கேட்டு, ஆண்டுகள் கழித்து வழக்கு தள்ளுபடியாவது பெரும் கொடுமை. உங்கள் வழக்கறிஞரிடம் இதை முதல் நாளே வெளிப்படையாகக் கேளுங்கள்.

வீடு கட்டுபவர் நீங்களாக இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் தடை வாங்கிவிடுவார் என்று அஞ்சினால், கேவியட் மனு போடலாம். 90 நாளுக்கு, உங்களைக் கேட்காமல் உத்தரவு போகாது.

காவல் நிலையத்துக்கு எப்போது போகலாம்?

அடித்தால், மிரட்டினால், அளவர் நட்ட கல்லைப் பிடுங்கினால் தயங்காமல் போங்கள். புகார் கொடுத்ததற்கு மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். எல்லை எது என்று தீர்ப்பது மட்டும் காவல் துறையின் வேலையில்லை.

காலமும் செலவும்

ஆக்கிரமிப்பைப் பார்த்தும் "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவது ஆபத்து. எதிர்த்தரப்பு தனக்கே உரிமை என்று வெளிப்படையாக 12 ஆண்டு அனுபவித்துவிட்டால், இடத்தை மீட்கும் வழக்கு காலாவதியாகிவிடும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று ஒதுங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். வழக்குப் போடும் முன்பே தகராறை மக்கள் நீதிமன்றத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்) அனுப்பும்படி அங்கேயே கேட்கலாம். போட்ட வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்வின் மேல் மேல்முறையீடும் கிடையாது.