படுத்துப்போன தக்காளி நாற்று

மாடித் தோட்டத்துக்கு பி.கே.எம்-1 ரகத் தக்காளி விதை போட்டேன். ஆறாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் காலை போய்ப் பார்த்தால் பாதி நாற்று படுத்துக் கிடக்கிறது! தண்டு மண்ணைத் தொடும் இடம் நூலாக இளைத்து, பழுப்பாக அழுகியிருந்தது. நாற்றழுகல் நோய். காலையும் மாலையும் பூவாளியால் ஊற்றிய என் பாசம்தான் காரணம். போதாததற்கு மண்ணும் களி.

மறுமுறை தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து, கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) சேர்த்தேன். நாற்று வளரும் குழித்தட்டை வெயில் படும் இடத்துக்கு மாற்றினேன். மேல்பரப்பு காய்ந்து நிறம் வெளுத்த பிறகுதான் தண்ணீர்; அதுவும் கீழே வைத்த தாம்பாளத்தில் ஊற்றி, உறிஞ்ச விட்டேன். ஒன்றுகூடச் சாயவில்லை. (நாலு முளைக்கவேயில்லை, அது பழைய விதை.)

25ஆம் நாள் விதையிலை (முளைத்ததும் முதலில் வரும் இரண்டு இலை) வரை புதைத்து நட்டேன். மண்ணுக்குள் போன தக்காளித் தண்டு அங்கேயும் வேர் விடும்.